முகம் அழிந்த படங்கள்

இரண்டு கரு கலைந்து, மூன்றாவது தங்கியபோது, அதன் ஸ்கேன் படத்தை ரெய்னர்ஸ் லேன் வீட்டுச் சாமித்தட்டில் அம்மனுக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் விளக்கேற்றிவிட்டு அதற்கும் திருநீறு பூசுவேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு முறை முத்தமிட்டுக் கொஞ்சுவேன். மினுங்கல் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? பிள்ளையின் முகம் இருந்த இடம் வெளிறிப்போனது.

"என்னப்பா, தேய்ச்சுத் தேய்ச்சு முகத்தையே அழிச்சுப் போட்டீர்!" என்றார் கணவர். கோயிலுக்குப் பிரசாதப் புக்கை சாப்பிட மட்டும் வருகிற மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் பயம். இது அபசகுனமோ? வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரியால் திரும்பும்போது நல்ல மழை. ஒரு மியூசியத்துக்குள் ஒதுங்கினோம். உண்மையில் எனக்குக் கழிப்பறை அவசரம். வெளியே வரும் வழியில், பழைய காலத்துச் சீமாட்டிகள் வைத்துச் செபித்த கையடக்கப் புத்தகங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. ஒன்றின் படத்தில் ஒரு பெண் டிராகனின் முதுகைப் பிளந்து, கைகூப்பியபடி வெளியே வருகிறாள். அவளுடைய பாவாடை ஓரம் இன்னும் அதன் வாயில் தொங்குகிறது. சுற்றிவரப் பொன்பூச்சு நேற்றுப் பூசியதுபோல் பளபளக்க, அவள் முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. வெறும் தோல்தாள்.

"வெள்ளைக்காரனுக்கும் ஒரு பொருளைப் பக்குவமா வைச்சிருக்கத் தெரியேல்லை," என்றேன்.

கணவர் பெட்டியில் இருந்த விளக்க அட்டையைப் பார்த்துச் சொன்னார்: "டிராகன் விழுங்கியும் உயிரோட வெளியில வந்த புனிதையாம். பிள்ளை சுகமாப் பிறக்க வேணுமெண்டு பொம்பிளையள் கொஞ்சிக் கொஞ்சியே முகம்..." அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை.

என்ர அம்மாளாச்சி! அவ்வளவு பட்டும் பொன்னும் இருந்தும், அவர்களுக்கும் என்னுடைய பயம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காவலாளி வந்து, தொட வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். "சொரி" என்ற என் கணவர், காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் தானும் ஒருதரம் தொட்டு ஒற்றிக்கொண்டார். நான் கவனிக்காததுபோல் நின்றேன்.

ஆவணியில் மகள் பிறந்தாள். தாதி அவளை என் நெஞ்சில் கிடத்தியதும் நெற்றி, கன்னம், மூக்கு என்று விடாமல் கொஞ்சினேன்.

"காணுமப்பா, நிப்பாட்டும், இவளின்ரை முகத்தையும் அழிச்சுப் போடுவீர்," என்றார் கணவர். சொல்லி முடிக்குமுன் அவரே விம்மி அழத் தொடங்கிவிட்டார்.