வால் சுருண்ட வெங்கடம்மா

சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, மூங்கில் கழியால் தரையைத் தட்டித் தட்டித் தாயம்மா வாத்துகளை ஓட்டிக்கொண்டு போகிறாள். தங்க வயலில் காற்று எந்தப் பக்கம் போனாலும் எதிர்க்காற்றுதான். நெருப்பு வெளியே இருந்தால் அணைந்துவிடும், உள்ளே இருந்தால் நாக்கு மட்டும்தான் வேகும் என்பது அவள் நியாயம். அந்த நெருப்பை வைத்துக்கொண்டே அவளால் திட்டவும் முடியும்.

"தே, பட்லரு, வழிய வுடு. ஏ டிரஸரு, ஒனக்கு இன்னா கண்ணு அவிஞ்சிபோச்சா? அந்தத் தண்ணியக் குடிச்சா செத்துப்பூடுவே."

பட்லர், டிரஸர் எல்லாம் வாத்துகள்தான். பங்களா பட்லர் ஒருநாள் அவளுடைய முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்து, "புறா முட்டையா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரி டிரஸர் வலித்த பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கினார். தாயம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடுத்துப் பொரிந்த குஞ்சுகளுக்கு அவர்களுடைய பெயரை வைத்தாள், அவ்வளவுதான். அதிலிருந்து தினமும் காலையில் பட்லரைக் கழியால் அடிக்கிறாள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லைனில், தன் பெயரில் ஒரு வாத்து இருக்கிறதே என்று கூசியவர்கள் சிலர். தன் பெயருக்கு ஒரு வாத்துகூட இல்லையே என்று உள்ளுக்குள் புழுங்கியவர்கள் அதிகம்.

அவள் ஆரணிப் பக்கத்துப் பெண். அறுப்பு முடிந்த வயல்களில் ஊர் ஊராக மந்தையை ஓட்டிப் பிழைத்த வாத்துக்காரர் வீட்டில் பிறந்தவள். தங்கம் எடுக்கிற குழிக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்கிற முனிரத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு கூடை வாத்தோடு இந்த லைனுக்கு வந்தாள். முனிரத்தினம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்கா வெங்கடம்மா பேசினாள்.

கல்யாணத்தன்றே பேசினாள். மாலையும் கழுத்துமாக மணப்பெண் வந்துகொண்டிருக்கும்போது, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "நடையப் பாரு, வாத்தோட வளந்து வாத்து நடையே வந்துடுச்சி" என்றாள். பந்தல் சிரித்தது. தாயம்மா தலை நிமிரவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. மந்தையிலேயே மிக அதிகமாக முட்டையிட்டு, மிக அதிகமாகக் கத்தி, மற்ற வாத்துகளையெல்லாம் முந்திக்கொண்டு நடந்த கீரி நிறப் பெட்டை ஒன்று தேறியதும், அதற்கு வெங்கடம்மா என்று பெயர் வைத்தாள்.

நிஜ வெங்கடம்மா இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள். சின்ன வயதில் தாலி அறுத்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவள். குழியிலிருந்து வருகிற கல்லை ரகம் பிரிக்கிற கொட்டகையில் வேலை. ஆண்பிள்ளைக்கு இருக்கிற முன்கை, மோவாயில் நாலைந்து முடி, அடுத்த லைன் வரைக்கும் போகிற குரல். காலையில் வாசலில் நின்று தாயம்மா, "ஏய் வெங்கடம்மா, சேத்துல பொரண்டது போதும், எழுந்து வாடி" என்று கூப்பிடுவாள். இரண்டு வீடு தள்ளிப் பல் விளக்கிக்கொண்டிருப்பவள் வாயிலிருந்த கரியைத் துப்பிவிட்டு, "ஆரணிக்காரி வாயி அழுவிப்பூடும்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வாள். நேருக்கு நேர் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. முனிரத்தினம் இரண்டு குரலுக்கும் நடுவில் உட்கார்ந்து கூழ் குடிப்பார்.

சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த வருஷம் வாத்து வெங்கடம்மா முட்டையை நிறுத்தியது. வயதாகிவிட்டது என்று தாயம்மா விட்டுவிட்டாள். பிறகு இறகு உதிர்ந்தது. புதிதாக முளைத்த இறகு பழைய மாதிரி இல்லை. கழுத்தில் பச்சைப் பளபளப்பு ஏறியது. வாலில் ஒரு இறகு மேல்நோக்கிச் சுருண்டது. அது ஆண் வாத்துக்கு மட்டும் இருக்கிற சுருள். லைனை எழுப்பும் அந்தக் குரல் தேய்ந்து, சளி பிடித்த கிழவன் மாதிரிக் கரகரத்தது. யாரோ வாத்தை மாற்றிவிட்டார்கள் என்று தாயம்மா முதலில் ஊரைத் திட்டினாள். காலைப் பிடித்துப் பார்த்தால் இடது கால் சவ்வில் அடையாளத்துக்கு அவளே போட்ட வெட்டு அப்படியே இருந்தது. அவள் கையிலிருந்து இறங்கிய வாத்து நேராகப் போய் ஒரு பெட்டையின் பிடரியைக் கவ்வி அதன்மேல் ஏறியது.

"அடிப்பாவி" என்றாள் தாயம்மா.

செய்தி லைன் முழுக்கப் பரவ ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. கரண்டுக் காற்றுப் பட்டதுதான் காரணம் என்றார்கள் சிலர். புருஷன்மார் கம்பத்துக்குக் கீழே நிற்கப் பயந்தார்கள், தங்களுக்கு எதிர்ப்பக்கமாக மாறிவிடுமோ என்று. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் தாயம்மா வாத்தைத் தூக்கி, வாலை விரித்து, "பாத்துக்கோ, வெங்கடம்மாக்கு மீச மொளச்சிடுச்சி" என்பாள். சொல்லிவிட்டு இரண்டு வீடு தள்ளி ஒரு பார்வை பார்ப்பாள். அந்த ஒரு வாரம் அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரம்.

கொட்டகையில் நிஜ வெங்கடம்மாவை வெங்கடப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் தலையைக் குனிந்து கல்லைப் பொறுக்கினாள்.

அதற்குள் ஆடிக் காற்று வந்து லைனில் பாதி வீட்டுக் கூரைத் தட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த வருஷம், பறந்த தட்டியைப் பிடிக்க ஓடிய மேஸ்திரி ராஜப்பா தடுக்கி விழுந்து முழங்காலை வீங்க வைத்துக்கொண்டார். ராஜப்பாவின் கையில்தான் அந்த லைனில் யாருக்கு வேலை, யாருக்கு வீடு என்கிற பேச்செல்லாம் இருந்தது. அவருடைய முழங்கால் வீங்கினால் அது தெய்வக் குற்றம்தான். பொட்டை ஆணாக மாறியதால் வந்த வினை என்று அவர் படுத்தபடியே கண்டுபிடித்தார். வாத்துக்குச் சொன்னது இரண்டு நாளில் பெயர்க்காரிக்கும் ஒட்டிக்கொண்டது. ஷிப்ட்டுக்குப் போகிறபோது வெங்கடம்மா எதிரே வந்தால் ஆகாது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் விடியலில் தாயம்மா மந்தையைக் குட்டைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். குழிக்குப் போகும் ஆட்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே கூடையோடு வெங்கடம்மா வந்தாள். முதலில் போனவன் நின்றான், காறித் துப்பினான், திரும்பி வீட்டுக்கு நடந்தான். பின்னால் இருந்தவர்கள் தயங்கினார்கள். வெங்கடம்மா பாதையை விட்டு இறங்கினாள். முள்ளுப் புதருக்குப் பின்னால் போய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அத்தனை பேரும் கடந்து போகிற வரைக்கும் நின்றாள்.

அந்தப் பாதையில் வெங்கடம்மா யாருக்காகவும் ஒதுங்கித் தாயம்மா பார்த்ததில்லை. எருமை வந்தால் எருமைதான் ஒதுங்கும். தாயம்மா எரிந்துகொண்டிருந்த சுருட்டைத் துப்பினாள்.

அன்று சாயங்காலம் முனிரத்தினம் கூழைத் தொடவில்லை.

"அக்கா வூட்ல அடுப்பு எரியல" என்றார்.

"அத்துக்கு நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வாணாம். நீ பண்ணதே போதும்."

அவர் கணக்கில் அது பெரிய பிரசங்கம்.

ஞாயிற்றுக்கிழமை லைன் முனையில் இருந்த வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டினார்கள். ராஜப்பா ஆமணக்கு இலை கட்டிய முழங்காலை ஒரு மரப்பெட்டிமேல் வைத்து, அதற்கு மரியாதையாக இடம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். தாயம்மா வாத்தை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். கடைசியில், கூட்டத்துக்கு வெளியே, வெங்கடம்மா நின்றாள்.

"இந்த வாத்த அம்மனுக்குக் குடுத்துடணும்" என்றார் ராஜப்பா. "அப்பால அந்தப் பேருக்காரி. அவ மேல தப்புன்னு நான் சொல்லல. ஆனா ஆளுங்க பயப்படுறாங்க. வேற ஊருல போயி பொழச்சிக்கட்டும்."

"மேஸ்திரி, ஒரு சந்தேகம்" என்றாள் தாயம்மா.

"இன்னா?"

"பொட்ட ஆம்பளையா மாறுனா அபசகுனம்."

"ஆமா."

"அப்போ பொறக்கசொல்லவே ஆம்பளையா பொறந்தா அது எம்மாம் பெரிய அபசகுனம்? லைனு பூரா நீங்கதான நெறஞ்சிக்கினு கீறீங்க."

முதலில் பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்கள். ராஜப்பா பெட்டியைக் கையால் தட்டினார்.

"வாய மூடு. வாத்து ஏன் மாறிச்சி? அத்தச் சொல்லு."

"எனக்கு இன்னா தெரியும்? எங்கப்பன் மந்தையிலயும் ஒண்ணு மாறிச்சி. கெழட்டுப் பொட்ட எப்பனாச்சும் வேசம் கட்டும்னு சொல்லுவாரு. அத்தினி வருசம் முட்ட வுட்டு அலுத்துப்போயி, இனிமே நீங்க வுடுங்கடான்னு மாறிடுச்சோ இன்னாவோ. அந்த வருசம் எங்கூர்ல யாரு முட்டியும் வீங்கல."

"சரி, வாத்து போவட்டும். பேரு?"

தாயம்மா வாத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"பேரு வெங்கடம்மா இல்ல" என்றாள். "தாயம்மா. அத்துக்கு என் பேருதான் வெச்சிக் கீறேன். பயப்படுறவங்க என்னியப் பாத்துப் பயப்படட்டும். போவச் சொன்னா நான் போறேன்."

அது பொய் என்பது குழந்தை முதல் கிழம் வரை அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முனிரத்தினம் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"பொய்யி."

கடைசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. பல நாளாகக் கேட்காத குரல். கூட்டம் தானாக வழிவிட்டது. வெங்கடம்மா நேராக வந்து தாயம்மாவின் எதிரே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல்முறை.

"காலையில எழுந்தா என் பேரச் சொல்லித்தான கத்துவ? முட்ட வுட்டப்போ என் பேரு. சேத்துல பொரண்டப்போ என் பேரு. இப்போ பச்சத் தலப்பா கட்டிக்கினு ஜம்முனு நிக்கசொல்ல ஒன் பேரா? குடுக்க மாட்டேன்."

தாயம்மாவின் கையிலிருந்து வாத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"இது என் பேரு வாத்து. வெட்டணும்னா என்னியக் கேட்டுக்கினு வெட்டு. நான் எங்கயும் போவல. என்னியப் பாத்து ஷிப்ட்டுக்குப் போவாம எவன் திரும்புறானோ அவன் வூட்ல குந்தி சோறாக்கட்டும். பொண்டாட்டிய குழில எறக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து வாத்து அவளுடைய புடவையில் கழிந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண், "எங்க வூட்டுக்காரருக்குச் சோறாக்கவும் வராதே" என்று சொல்ல, கூட்டம் கலைந்தே போனது. ராஜப்பாவைத் தூக்கிக்கொண்டு போகத்தான் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

மறுநாள் பாதையில் ஒருவன் வெங்கடம்மாவைக் கண்டு கால் தயங்கினான். "இன்னாடா, உல வெக்கப் போறியா?" என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள். அவன் நடையைக் கட்டினான். வெங்கடம்மா பாதையின் நடுவிலேயே வந்தாள். கொட்டகையில் யாரோ பழக்கதோஷத்தில் வெங்கடப்பா என்று கூப்பிட, "இன்னாடா?" என்று அவள் கேட்ட கேள்வியில் அந்தப் பெயர் அன்றோடு தீர்ந்தது. ராஜப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்தது. தான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டதால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

வாத்து வெங்கடம்மாவின் வீட்டிலேயே தங்கிவிட்டது. யாரும் தா என்று கேட்கவும் இல்லை, வைத்துக்கொள் என்று சொல்லவும் இல்லை. நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ராசி ஆகிவிட்டது என்று லைனில் யாராவது சொன்னால் தாயம்மாவுக்குக் கோபம் வரும். "அவ கூட நானா? எந்த நாக்குடா சொல்லிச்சி?" என்பாள். வேப்பமரத்தடியில் பேசியதற்குப் பிறகு இருவரும் மறுபடி வானத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். கல்யாணப் பந்தலில் சொன்னதை வெங்கடம்மா திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. தாயம்மா எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது லைனுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. சாயங்காலம் திறந்துவிட்டால் கொஞ்ச நேரம்தான். அதற்குள் குடங்கள் வரிசை கட்டி, குடத்துக்குக் குடம் சண்டை நடக்கும். சண்டையில் முதல் குரல் தாயம்மாவுடையது. நேற்றும் அப்படித்தான். முன்னால் நின்ற தெலுங்குக்காரியுடைய ஏழு தலைமுறையையும் அவள் தெலுங்கிலேயே விசாரித்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் வேலை முடிகிற சங்கு இன்னும் ஊதவில்லை. வெங்கடம்மாவின் குடம், ஆளில்லாமல், தாயம்மாவின் குடத்துக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் கிடந்தது. தாயம்மா திட்டை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வலது காலைப் பின்னால் நீட்டி, அந்தக் குடத்தைக் கட்டைவிரலால் கொக்கி போட்டு இழுத்து, உருட்டிக் கொண்டுவந்து, தன் குடத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.