டிஸ்ட்ரிபியூட்டருக்கு வச்ச பொட்டு

இன்னிக்கு ஆயுத பூஜை. வீட்டுக்காரி சந்தனக் கிண்ணத்தோட காருக்கிட்ட போனா. "பானெட்டை மட்டும் தொறக்காதே லா!"ன்னு கத்திட்டேன்.

காரணம் இருக்கு.

எண்பதுகள்ல ஒரு வருசம், ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்க எஸ்டேட் கால்பந்து டீம் தாப்பா டவுனுக்கு விளையாடப் போகணும். நாலு சக்கரமும் இழுக்குற எஸ்டேட் ஜீப், பழசு, ஸ்டார்ட் ஆகலே.

பேட்டரியைப் பார்த்தோம், ஹாரன் நல்லாவே அலறுச்சு. பெட்ரோலும் இருந்துச்சு. பதினோரு பேரும் ரப்பர் காட்டு மேடு வரைக்கும் தள்ளினோம். எஞ்சின் இருமக்கூட இல்லே.

கடைசியா பிளக்கைக் கழட்டிப் பார்த்தா, நெருப்புப் பொறியே வரலே. பிளக்குங்களுக்குக் கரண்டைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியைத் தொறந்தேன்.

உள்ளே ஒவ்வொரு முனையிலும் ஈரச் சந்தனம், நடுவுலே குங்குமம்!

டிரைவர் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன்.

"இங்கேருந்துதான் லா நெருப்பே போகுது. இதுக்கு வைக்காம, பின்னே டயருக்கா பொட்டு வைக்கிறது?"

துடைச்சதும் ஜீப் கிளம்பிடுச்சு. தாப்பாவிலே இறங்குறப்பவே, ஜீப்பைத் தள்ளின அலுப்புல எங்க காலெல்லாம் ஓஞ்சு போச்சு. ஆறு கோல் வாங்கித் தோத்தோம்.

திரும்பி வர்றப்ப அண்ணே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "பொட்டை அழிச்சீங்கல்ல?"

அதுக்கு என்ன பதில் சொல்லலாம், நீங்களே சொல்லுங்க.