கேம்புக்குப் போன எள்ளுப்பால்

ஜெயபாய்க்குப் பசும்பாலின் வாடை ஆகாது. பால் பொங்கும் வீட்டின் முற்றத்தில் கால் வைத்தாலே வாயில் எச்சில் ஊறி, வயிறு மேலே ஏறி வந்துவிடும். ஏழு வயதில் பெரியப்பா வீட்டு மாட்டுக்கு மடிவீக்கம் வந்தது. கறந்த செம்பை எட்டிப் பார்த்தாள். பாலின் மேல் நூல் நூலாகச் சீழும் ரத்தமும் மிதந்தன. பெரியப்பா அதைக் கிழிந்த துண்டில் வடிகட்டி, வேறு மாட்டுப் பாலோடு கலந்து, வாடிக்கை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். "கொதிச்சா எல்லாம் சரியாவும்" என்றார். துண்டில் வழவழவென்று தங்கியதை வாழைமூட்டில் உதறினார். அன்றிலிருந்து பால் என்று யார் சொன்னாலும் அவளுக்கு அந்தத் துண்டுதான் கண்முன் வந்தது.

அப்படிப்பட்டவளை ஒரு சாயாக்கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்கு வியாபாரம் என்று மட்டும்தான் சொன்னார்கள். பாறசாலையிலிருந்து கொல்லயில் ஊருக்குப் போகும் வழியில் காஞ்சிரவிளை முக்கில் ரெத்தினதாஸின் கடை இருந்தது. வீடு கடைக்குப் பின்னால். அவர் சட்டையில், தோர்த்துத் துண்டில், மீசையில்கூட ஆடை காய்ந்த பாலின் மொச்சை வாடை அடித்தது. முதல் ஒரு வருடம் அவர் பக்கத்தில் படுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துத்தான் தூங்கினாள். நல்ல மனுஷர்தான், அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் அவளுக்குப் பிடிபடப் பல வருடம் ஆயிற்று.

மகள் பிறந்தபோது உடம்பு தேறப் பால் குடித்தே ஆகவேண்டும் என்றார் வைத்தியர். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அப்போதுதான் எள்ளைப் பிழிந்து பார்த்தாள். முதல் தடவை எட்டிக்காயாகக் கசந்தது. தோலோடு அரைத்ததுதான் தப்பு என்று புரிந்தது. பிறகு வெள்ளை எள்ளாகப் பனச்சமூடு சந்தையில் வாங்கி, ஊறவைத்து, கொட்டாங்கச்சியால் தேய்த்து, தண்ணீர் விட்டு விட்டுத் தோலை மிதக்கவிட்டுக் களைந்தாள். ஒரு பிடி அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி, சேர்த்து ஆட்டினால் பாலுக்குக் கட்டி வந்தது. பழைய வேட்டித்துணியில் பிழிந்து, இரண்டாம் தரம் வெந்நீர் ஊற்றி மறுபடியும் பிழிவாள். அடுப்பில் வைத்தால் கையை எடுக்காமல் கிண்ட வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்து போகும். உச்சிப்பொழுதுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். கருப்பட்டி போட்டுக் குடித்தாள். உடம்பு தேறியது. துவைத்து வைத்த கைக்குட்டை போலச் சுத்தமாக ஒரு பால் இந்த உலகத்தில் உண்டு என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அண்டி கொண்டு தருவது பக்கத்து விளையில் குடியிருந்த நேசையன். மரமறுப்பு அவர் தொழில். அவர் வீட்டுப் புரையிடத்தில் அண்டி காய்க்கும் கொல்லாமரங்கள் இரண்டு நின்றன. அண்டியைச் சுட்டு உடைத்து, விரலெல்லாம் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து, ஓலைக்கொட்டானில் பருப்பைக் கொண்டுவந்து வைப்பார். அவர் மனைவி ஞானபாய்க்கும் ஜெயபாய்க்கும் ஒரே கிறிஸ்தவச் சபை, ஆராதனையில் ஒரே பெஞ்சு.

ஐம்பத்து நாலில், மலையாளக்காரர் ஆட்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராக ஜாதா ஊர்வலம் போயிற்று. நேசையன் போனார். ரெத்தினதாஸும் போனார், கடை வாசல்வரை. ஜாதா முக்கைத் தாண்டும்போது பெஞ்சில் ஏறி நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போடுவார். ஜாதா முக்குத் திரும்பி மறைந்ததும் இறங்கிச் சாயா அடிப்பார். ஆகஸ்டில் தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்து ஆட்கள் செத்தபின் எல்லாம் மாறியது. காஞ்சிரவிளையில் பூட்டிக் கிடந்த ஒரு கொப்பரைக் கிட்டங்கியில் போலீஸ் கேம்ப் போட்டார்கள். மாடு வைத்திருந்தவர்கள் கறந்ததையெல்லாம் போலீஸ்காரர்கள் செம்போடு பிடுங்கிக்கொண்டு போக, அவர்கள் மாடுகளை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு ஓட்டிவிட்டார்கள். கடைக்குப் பால் நின்றது.

"உனக்க எள்ளுப்பால கொஞ்சம் கூட்டி ஆட்டப்பிடாதா பிள்ளே" என்று கேட்டார் ரெத்தினதாஸ். "கடைய அடச்சா நாம என்னத்த திங்க?"

ஆட்டினாள். மூன்று மடங்கு எள், கையளவு பருப்பு. சாயாத் தண்ணீரைப் பாலில் மெதுவாக ஊற்றினால் திரியாது என்று கண்டுபிடித்தாள். ஊர்க்காரர்கள் குடித்துவிட்டுக் கொள்ளாம், நல்லா இருக்கு என்றார்கள். முதல் தடவையாகக் கடைக்குள் நின்று அவளால் மூச்சு விட முடிந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது.

கேம்பின் ஏட்டு ஒரு நாள் கடையில் சாயா குடித்தார். நாக்கைச் சுழற்றினார். "இது எந்து பாலாடோ?"

"எனக்க பெண்ணாட்டி உண்டாக்குயது சார். எள்ளுப்பால்."

"நன்னாயிட்டுண்டு. திவசம் ரண்டு நேரம் கேம்பில் எத்திக்கணும்."

ரெத்தினதாஸ் தலையாட்டினார். அன்று முதல் தினமும் இரண்டு வேளை ஜெயபாய் ஆட்டியதெல்லாம் கேம்புக்குப் போயிற்று. அவரே வாளியில் கொண்டுபோவார். திரும்பி வரும் வாளியில் பீடித்துண்டு கிடக்கும். ஒரு நாள் வெற்றிலை எச்சில் கிடந்தது. அவள் குச்சியால் அதை வழித்து எறிந்து, சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். அப்படியும் கை கூசியது.

செப்டம்பர் தொடக்கத்தில் கேம்புக்குப் புதிதாக ஒரு வண்டி போலீஸ் வந்தது. கிளாஸ் தட்டு, சாயா கெட்டில், பால்வாளி எல்லாவற்றையும் ஒருவரால் தூக்க முடியாது. "வாளிய மட்டும் பிடிச்சோண்டு வா, வாசல்ல குடுத்துட்டு வந்திரலாம்" என்றார் ரெத்தினதாஸ். அவளும் போனாள்.

கிட்டங்கி முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேரைக் குந்தவைத்திருந்தார்கள். முந்தின நாள் ஜாதாவில் பிடித்தவர்கள். அழுகிய கொப்பரை நாற்றத்தோடு மூத்திர வாடையும் சேர்ந்து அடித்தது. கடைசியில் இருந்தவரை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடை ஒரு பக்கமாக வீங்கித் தொங்கியது. கீழுதடு பிளந்திருந்தது. தோல் உரிந்த விரல்களைப் பார்த்தபிறகுதான் நேசையன் என்று தெரிந்தது.

"வெள்ளம்" என்றார் நேசையன். தண்ணீர் கேட்ட அந்தச் சொல் முழுதாக வரவில்லை.

ரெத்தினதாஸ் பால் விட்டு ஊற்றிவைத்த சாயா கிளாஸ் ஒன்றை ஒரு போலீஸ்காரன் தட்டிலிருந்து எடுத்தான். நேசையனின் வாய்க்கருகே கொண்டுபோனான். அவர் முகத்தை நீட்டியதும் கிளாஸைக் கவிழ்த்தான். சாயா தரையில் விழுந்தது. அங்கே ஏற்கனவே யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள்.

"நக்கெடா."

நேசையன் அசையவில்லை. போலீஸ்காரன் பூட்ஸ் காலை அவர் பிடரியில் வைத்து அழுத்தினான். முகம் தரையில் பட்டது. பிறகு அவர் நாக்கை நீட்டினார்.

ஏட்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஜெயபாய் தன் பக்கத்தில் ஒரு சிரிப்பைக் கேட்டுத் திரும்பினாள். ரெத்தினதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். கடையில் வாடிக்கைக்காரர் வேடிக்கை சொன்னால் சிரிப்பாரே, அதே சிரிப்பு. முன்பல் இரண்டும் தெரிந்தன.

வாளியோடு திரும்பி நடந்தாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். ஓடையில் மிச்சப் பாலைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ரெத்தினதாஸ் வந்ததும் வாசலிலேயே கேட்டாள்: "நீங்க எதுக்கு சிரிச்சிய?"

"பின்ன? மூஞ்சிய தூக்கி வச்சிருந்தா என்னையும் பிடிச்சு இருத்த மாட்டானா? பயந்து பேடிச்சு சிரிச்சதாக்கும்."

"பேடி உண்டுண்ணா தலைய குனிஞ்சோண்டு நிக்கணும். அந்தாளு நமக்கு அண்டி உடச்சு தந்த மனுஷன்."

"நீ மெள்ள பேசு. கேம்புக்கு கேக்கும்."

"நாளைக்கு நான் ஆட்ட மாட்டேன்."

"வம்பு பண்ணாத பிள்ளே. அவன் இஞ்ச வருவான்."

"வரட்டு. எனக்கு உங்களயும் அருவருப்பாட்டு இருக்கு, அவனயும் அறப்பாட்டு இருக்கு." பாயை எடுத்துச் சமையல்கட்டில் விரித்தாள். அதன்பிறகு அந்தப் பாய் அறைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் ஏட்டு வந்தார். ஜெயபாய் ஆட்டுரல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பாலெவிடெ?"

"இல்ல சார்."

"எந்தா இல்லாத்தது?"

"நேத்து தரையில ஊத்தி ஒரு மனுஷன நக்க வச்சது நான் பிழிஞ்ச பாலாக்கும். இனி தர முடியாது."

ஏட்டு அவளைப் பார்த்தார். ஊறிக்கிடந்த எள் சட்டியை லத்தியால் தட்டிச் சாணிக்குழியில் கவிழ்த்தார். அதன்மேல் காறித் துப்பினார். அதற்குள் ரெத்தினதாஸ் ஓடிவந்து, பால்பொடி டின் இரண்டு வாங்கி வைத்திருப்பதாகவும், பத்து நிமிஷத்தில் சாயா வரும் என்றும், இவளுக்குத் தலைக்குச் சுகமில்லை என்றும் மலையாளத்தில் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். தலைக்குச் சுகமில்லை என்ற சொல்லை ஊர் பல நாள் வைத்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் நேசையனை விட்டார்கள். தாடை எலும்பு உடைந்து, தலையோடு சேர்த்துத் துணி கட்டியிருந்தது. கஞ்சியின் ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. ஜெயபாய் நல்ல எள்ளாகப் பார்த்து ஆட்டி, தூக்குச்சட்டியில் கொண்டுபோனாள். ஞானபாய் வாசலை மறித்து நின்றாள்.

"கேம்புக்கு கொண்டு போன பாலுதானே இது?"

ஞானபாய் சட்டியை வாங்கித் தென்னைமூட்டில் கொட்டி, சட்டியைக் கீழே வைத்தாள். கையை முண்டில் துடைத்துக்கொண்டாள். அந்தத் துடைப்பு ஜெயபாய்க்கு நன்றாகப் புரிந்தது. அவளே ஆயிரம் தரம் அப்படித் துடைத்திருக்கிறாள்.

மறுநாள் பால் கொண்டுபோகவில்லை. எள்ளையும் பருப்பையும் துவைத்து உலர்த்திய துணியையும் எடுத்துக்கொண்டுபோய், ஞானபாயின் முற்றத்திலேயே உட்கார்ந்தாள். அவளுடைய கிணற்றுத் தண்ணீர், அவளுடைய ஆட்டுரல். தோல் களைவதையும், ஆட்டுவதையும், பிழிவதையும் ஞானபாய் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் ஒரு கரண்டியும் கிண்ணமும் எடுத்துவந்தாள்.

முதல் கரண்டி உதட்டில் பட்டதும் நேசையன் முகத்தைத் திருப்பினார். உள்ளே போன கொஞ்சத்தையும் துப்பினார். உடைந்த தாடையோடு ஓங்கரித்தார். கண்ணில் வலியால் தண்ணீர் கொட்டியது. அவர் கையால் தரையைத் தொட்டுக் காட்டினார். ஞானபாய்க்கு விளங்கவில்லை. ஜெயபாய்க்கு விளங்கியது. கேம்பு முற்றத்தில் அவர் நாக்கில் பட்டது எள்ளின் ருசிதான்.

"அவருக்கு இது இனி இறங்காது" என்றாள் ஜெயபாய். "எனக்கு பசும்பால் இறங்காத மாதிரியாக்கும். திணிக்காண்டாம்."

வீட்டுக்குப் போய் வெள்ளரி விதை தேடினாள். நடவுக்கு எடுத்துவைத்திருந்த விதை ஒரு முடிப்பு கிடைத்தது. அண்டிப்பருப்போடு சேர்த்து ஆட்டினாள். கருப்பட்டியும் போடவில்லை, இனிப்பும் அந்த ருசியை நினைப்பூட்டலாம் என்று. உப்பும் ஒரு நுள்ளு சீரகமும் போட்டாள். நேசையன் முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயைத் திறக்க முடிந்த அளவு திறந்தார். விதை தீர்ந்தபோது ஞானபாய் சபை முழுக்க அலைந்து வெள்ளரி விதையும் பூசணி விதையும் சேகரித்தாள். இரண்டு மாதம் இரண்டு பெண்களும் மாறி மாறி ஆட்டினார்கள். நேசையன் பிழைத்தார். வாய் கோணியது, ரம்பம் இழுக்கும் தெம்பு போய்விட்டது. அண்டி மட்டும் உடைத்தார்.

ஐம்பத்தாறில் மாநில எல்லைக் கோடு போட்டார்கள். தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம் போயிற்று, காஞ்சிரவிளை மலையாளத்தோடு இந்தப் பக்கமே நின்றது. அன்று ரெத்தினதாஸ் கடைக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் சாயா இலவசம். பெஞ்சில் ஏறி நின்று மலையாளத்தில் ஜே போட்டார். அதே பெஞ்சு. ஜெயபாய் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நாலு வருடம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். போராட்டத்தில் அடிபட்டவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்த ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். பட்டியலில் ரெத்தினதாஸின் பெயர் இருந்தது. அவர் கடையில் இல்லாத நேரம். விவரம் சரிதானா என்று ஜெயபாயிடம் கேட்டார்கள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு கேம்பில சித்திரவதைப்பட்டதா எழுதித் தந்திருக்காரு. எத்தனை நாள் இருந்தாரு?"

"தினமும் ரெண்டு தடவ போவாரு" என்றாள் ஜெயபாய். "சாயா கொண்டு."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அடிபட்டது அந்த விளையில இருக்கப்பட்ட நேசையன். இவரு அத பாத்து சிரிச்சோண்டு நிண்ணாரு. நானும் கூட நிண்ணேன், எனக்கும் பொன்னாட வேண்டாம்."

அவர்கள் பெயரை அடித்துவிட்டு நேசையன் வீட்டுக்குப் போனார்கள். அவர் தன் பெயரை எழுத விடவில்லை. எப்படி அடிபட்டீர்கள் என்று மேடையில் சொல்லச் சொல்வார்கள், அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

ரெத்தினதாஸுக்கு விஷயம் தெரிந்தபோது கோபப்படவில்லை. தலையாட்டினார். "நீ சொன்னது சரிதான். ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். சோறு போடும்படி கேட்டார். ஜெயபாய் போட்டாள். குழம்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு எழும்பும்வரை வெளியே கிணற்றடியில் போய் நின்றாள்.