சாமைத் தட்டில் ஐந்து விரல்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பாதவர்கள் ஜவ்வாது மலைக்கு வந்து என் இடது முட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். இடது காலில் இரண்டு விரல்கள் ஏற்கெனவே போயிருந்தன. போன தை மாதம் முட்டிக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள்.

"முட்டி தப்பிச்சிருக்கு, கோபால்சாமி. அதைக் காப்பாத்திக்கோங்க. அப்பதான் பொய்க்கால் போட்டு நிலத்துக்குப் போவலாம்" என்றார் டாக்டர்.

வெட்டிய காலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மச்சான் பிரகாஷ் பிரித்துக்கூடப் பார்க்காமல் எங்கள் புளியமரத்தடியில் புதைத்தான்.

மறுநாள் மாலை 4.10. வார்டில் படுத்திருந்தேன். இல்லாத பாதம் திடீரென்று ஜில்லென்றது. மேலே மண் விழுந்து அமுக்குவது போல... "அப்படித்தான் தோணும்" என்றார் நர்ஸ்.

வீட்டுக்கு வந்தேன். தோல் காய்த்துப்போக, தினமும் தட்டில் சாமையைக் கொட்டி அதில் வெட்டிய கால் நுனியை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். எரிச்சல் பிடித்த வேலை. நாலாம் நாள், காலை ஆறு மணி. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. தட்டில் ஒரு தடம்.

இடது பாதம்.

"இன்னாய்யா இது?" என்றாள் என் மனைவி சாந்தம்மாள்.

எண்ணினேன். ஐந்து விரல்கள்... அது என் பாதம் அல்ல. கத்தியிருக்க வேண்டும். மனசு மரத்துக் கிடந்தது. சாமையைத் தட்டிச் சமமாக்கினேன்.

மறுநாளும் அதே தடம்.

பத்தாம் நாள் கணியம்பாடிப் பக்கமிருந்து தெரசம்மாள் என்பவர் ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டுத் தேடி வந்தார். எனக்குக் கால் எடுத்த அதே நாளில் அங்கேயே கால் எடுக்கப்பட்டு, அன்றிரவே இறந்துபோன சைமனின் மனைவி.

"முழுசா அடக்கம் பண்ணணும்னு காலையும் பொட்டியில வெச்சோங்க. அதுல ரெண்டு விரல் இல்லன்னு அடக்கம் முடிஞ்சப்புறந்தான் பொட்டியில வெச்சவங்க சொன்னாங்க. எங்க வூட்டுக்காரருக்கு அஞ்சும் இருந்திச்சி."

"மண்ணு போட்டப்ப மணி இன்னா?"

"நாலு தாண்டி பத்து நிமிஷம் இருக்குங்க."

புளியமரத்தடியைத் தோண்டினோம். பிரகாஷ் துணியைப் பிரித்தான்.

பாதத்தில் சாமை ஒட்டியிருந்தது.

தெரசம்மாள் அந்தக் காலை எடுத்துப் போனார். தட்டில் தடம் விழுவது நின்றது. ஆனால் கல்லறையைத் தோண்ட அவர்கள் ஊரில் சம்மதிக்கவில்லை. என் கால் அங்கேதான் கிடக்கிறது, சைமனோடு.

இல்லாத பாதத்தின் குளிர் மேலே ஏறுகிறது...

நேற்று டாக்டர் ஊசியோடு என் முட்டிமேல் குனிந்தார்.

"வலிக்குதா?"

"எப்ப குத்துனீங்க?"