மூன்று என்று சொல்லாத ஓத்வார்

ஷெல்விக் விமானத்தளத்தின் ஓடுபாதை எண்ணூறு மீட்டர். ஒரு முனையில் கடல், மறு முனையிலும் கடல்தான். பக்கத்தில் உயரமாக ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் ஓத்வார். பெரிய ஊர்க் கோபுரங்களில் இருப்பவர்கள் விமானிக்கு உத்தரவு போடுவார்கள்: இறங்கு, காத்திரு, திரும்பு. ஓத்வாருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் தகவல் அலுவலர். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரம், பாதையில் பனியா ஐஸா என்று சொல்வார். ஆளோ வண்டியோ இல்லையென்றால் "பாதை காலி" என்பார். இறங்குவதும் இறங்காததும் விமானி பாடு.

தொழில் அவர் வாயையே மாற்றிவிட்டது என்று ஊரில் சிரிப்பார்கள். மீன் ஆலைக் கேண்டீனில் வேலை பார்க்கும் அவர் மனைவி குன்வோர்தான் இதில் முதல் ஆள். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான்தான் கேட்டேன். 'சனிக்கிழமை எனக்கு டூட்டி இல்ல'ன்னாரு மனுஷன்!"

சிரித்தவர்கள் எல்லாரும் அவர் சொல்லும் எண்ணை நம்பித்தான் விமானம் ஏறினார்கள். எங்கள் ஊரில் பாதிச் சமையலறைகளில் ஒரு ரேடியோப் பெட்டி இருக்கிறது. படகுக்காரர்கள் பேச்சையும் ஓத்வார் பேச்சையும் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரிப்போம். இதை யாரும் ஒட்டுக்கேட்பது என்று நினைப்பதில்லை.

அந்தப் பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, ஊர் மருத்துவ நிலையத்திலிருந்து குன்வோர் போன் செய்தாள்.

"சுன்னிவாவுக்கு ரத்தம் போகுது, ஓத்வார். நிக்கவே மாட்டேங்குது. நஞ்சுக்கொடி கழண்டுக்கிச்சாம். இங்க ஆபரேஷன் பண்ண முடியாது, திரும்சோ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஆம்புலன்ஸ் விமானத்தக் கூப்பிட்டாச்சு."

சுன்னிவா அவர்களுடைய ஒரே பெண். எட்டாம் மாதம். மலைச்சாலை இரண்டு நாளாகப் பனியால் மூடிக் கிடந்தது. ஓத்வாரை மாற்றிவிட வேண்டிய இன்னொரு அலுவலர் அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். மேகத்தில் உறைபனி இருந்ததால் ஹெலிகாப்டரும் கிளம்பாது. மிச்சமிருந்தது அந்த விமானம் ஒன்றுதான்.

ஓத்வார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். இறுகிய ஐஸின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. இதைவிட மோசமான பாதை வேறு இல்லை.

பாதைக்கு ஆறு முதல் சைபர் வரை எண் உண்டு. ஆறு என்றால் காய்ந்த தரை, சைபர் என்றால் யாரும் வரவேண்டாம். பாதையை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் சொல்லவேண்டும். அன்றைய குறுக்குக் காற்றுக்கு ஆம்புலன்ஸ் விமானம் இறங்க மூன்று பாகத்திலும் குறைந்தது மூன்று வேண்டும். இது ஓத்வாருக்குத் தெரியும், மணல் வண்டி ஓட்டி, பிரேக் போட்டு வழுக்கலை அளக்கும் ஸ்டைனாருக்கும் தெரியும். ஸ்டைனார் வெறும் வண்டியோட்டி அல்ல. சுன்னிவாவை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தை.

அவன் காய்ந்த மணலைக் கொட்டினான். காற்று பாதியை அள்ளிக்கொண்டு போனது. பதினொன்று ஐந்துக்கு, ஊர் ரேடியோவில் கேட்காத உள்வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது.

"மூணு, மூணு, மூணு."

மேற்கு முனையில் மணல் வண்டி பிரேக் போட்டதும் அரைவட்டம் சுற்றி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றதை ஓத்வார் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

"வண்டி வழுக்குச்சே, ஸ்டைனார்."

"கொஞ்சம். வேகமா வந்துட்டேன்."

"அந்த முனையில நீ வேகமா வர்றவன் இல்ல."

"அளக்கறவன் நான். கையெழுத்து என்னுது. நீ மூணுன்னு எழுதிட்டுச் சும்மா இரு. உம் பொண்ணுடா அது!"

ஓத்வார் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டைனார் மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. கேட்காமல் ஒரு பொய்யைக் கொண்டுவந்து கையில் திணிக்கிறானே என்ற வெறுப்பு. எழுதிவிடலாம். யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. வருகிற விமானத்தில் இரண்டு விமானிகள், ஒரு நர்ஸ். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான் என்ற நினைப்பு வந்தது, உடனே அவர்கள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்ற நினைப்பும் வந்தது. இரண்டாவதுதான் பலமாக வந்தது என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். ஆனாலும் வயர்லெஸ்ஸை எடுத்து, "மறுபடி அள," என்றார்.

ஸ்டைனார் மறுபடி அளந்தான். "மூணு, ரெண்டு, ஒண்ணு. திருப்தியா? சந்தோஷமா இருக்கியா இப்ப?"

பதினொன்று பதினாறுக்கு விமானி யூருன் கூப்பிட்டாள். பாதை எப்படி என்று கேட்டாள்.

"மூணு, ரெண்டு, ஒண்ணு," என்றார் ஓத்வார். "காத்து தென்கிழக்கு, இருபத்தஞ்சு நாட். வீச்சு முப்பத்தாறு."

"ஒண்ணா? அப்ப என்னால இறங்க முடியாது, ஓத்வார். நாப்பது நிமிஷம் மேல சுத்திக்கிட்டு இருக்க எரிபொருள் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது ஆகுமா?"

"வெந்நீர் மணல் போடறோம். இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

"நோயாளி யாருன்னு எங்கிட்ட சொன்னாங்க…"

"பாதையைப் பத்தி மட்டும் பேசுவோம், யூருன்."

அவர் மைக்கை வைப்பதற்குள் போன் அடித்தது. குன்வோர்.

"இங்க சமையல்கட்டுல ரேடியோ இருக்கு. எல்லாரும் கேட்டோம். ஒண்ணுன்னியே! உன் வாயாலயே ஒண்ணுன்னியே!"

"ஐஸ் அப்படித்தான் இருக்கு, குன்வோர்."

"நாசமாப் போக உன் ஐஸு! இங்க ரத்தம் எப்படி இருக்குன்னு வந்து பாரு!"

வந்து பார்க்க முடியாது. விமானம் மேலே சுற்றும்போது கூண்டை விட்டு எழுந்தால் அதற்குக் காற்று சொல்ல ஆள் இல்லை. கீழே ஸ்டைனார் கொதிக்கும் தண்ணீரில் பிசைந்த மணலைக் கொட்டிக்கொண்டு போனான். சூட்டில் ஐஸ் லேசாக உருகும், மணல் அதில் பதியும், பதிந்ததும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நல்ல வேலைதான், ஆனால் வண்டி நடை வேகத்தில்தான் போகும். ஓத்வார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவர், அன்று மணலைக் கும்பிட்டார், காற்றைக் கும்பிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யூருனுக்குக் காற்று சொன்னார். குரல் நடுங்கவில்லை என்று ரேடியோ கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பலருக்கு அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு ஸ்டைனார் மேற்கு முனையில் ஓங்கிப் பிரேக் போட்டான். வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. "மூணு, மூணு, மூணு. பாத்துட்டல்ல?"

"பாதை காலி," என்றார் ஓத்வார்.

விமானம் நண்டு போல் பக்கவாட்டில் வந்து, கடைசி நொடியில் நேராகி, பதினொன்று நாற்பத்துநாலுக்கு இறங்கியது. மருத்துவ நிலையத்து ஆம்புலன்ஸ் வண்டி கூண்டுக்கு எண்பது மீட்டரில் நின்றது. போர்வைக்கு வெளியே சுன்னிவாவின் தலைமுடி மட்டும் தெரிந்தது. குன்வோர் கூடவே ஏறினாள். மேலே பார்க்கவில்லை. விமானம் மேகத்தில் மறைந்தபிறகுதான் ஓத்வார் எழுந்து போய் வாந்தி எடுத்தார்.

மூன்று மணிக்குக் குன்வோர் திரும்சோவிலிருந்து பேசினாள்.

"சுன்னிவா பொழைச்சிட்டா." மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள். "குழந்தை போயிடுச்சு. பையன். அரை மணி முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னாங்க. நிச்சயமா சொல்லல. பாத்திருக்கலாம்னுதான் சொன்னாங்க."

பதிவேடு முன்னால் திறந்தே இருந்தது. பதினொன்று பதினாறு, பதினொன்று நாற்பத்துநாலு. இரண்டும் அவர் கையெழுத்து.

ஓத்வார் சரியாகத்தான் செய்தார் என்று அந்த வாரம் பலர் என்னிடம் சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டிலெல்லாம் பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டைனார் வேலைக்கு வந்தான், எண்ணைச் சொன்னான், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. குன்வோர் மகளோடு திரும்சோவிலேயே தங்கிவிட்டாள். ஓத்வார் தினமும் ஆறு விமானங்களுக்குக் காற்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் மதியம் சுன்னிவாவே போன் செய்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். நீ மூணுன்னு சொல்லியிருந்தா அவங்க இறங்கியிருப்பாங்களா?"

"இறங்க முயற்சி பண்ணியிருப்பாங்க."

"நின்னிருக்குமா?"

கண்ணாடிக்கு வெளியே மேற்கு முனையும் அதற்கப்பால் தண்ணீரும் தெரிந்தன. "தெரியலம்மா," என்றார். "அஞ்சு நாளா அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். தெரியல."

"எனக்குக் கோபம் இல்லன்னு சொல்லமாட்டேன்."

"சொல்லாத."

"அம்மா நீதான் கொன்னேங்கறா. விமானத்துல வந்த நர்ஸு எங்க எல்லாரையும் நீதான் காப்பாத்தினேங்கறா. ரெண்டு பேருக்கும் நிச்சயமாத் தெரியுமாம். நமக்குத்தான்பா சாகற வரைக்கும் தெரியாது."

அவள் அழ ஆரம்பித்தாள். அவரும் அழுதார். போனை இரண்டு பேருமே வைக்கவில்லை.