பெயிண்டுக்கு அடியில்

பழைய சைக்கிளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் நான் நம்பமாட்டேன். துருவும் கீறலும் அப்படியே இருக்கிற வண்டிதான் உண்மை பேசும் என்பது என் கட்சி. ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு மளிகைக்கடைக்காரர் தன் பழைய சைக்கிளை விற்றார். பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். வேறு வண்டி அகப்படாததால் வாங்கினேன். உடைந்த பிரேமை ஒட்டவைத்து மறைத்திருப்பாரோ என்று, அவர் கண்ணெதிரிலேயே சாவியால் சுரண்டிப் பார்த்தேன். அவர் கோபமாக ஏதோ கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. தினம் ஓரிடமாகச் சுரண்டினேன். ஒட்டு எங்கேயும் இல்லை. அதற்குள் ஆனி பிறந்து, குற்றாலத்துச் சாரல் எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. சுரண்டிய இடமெல்லாம் துரு ஏறியது.

"நல்லா இருந்த வண்டிக்கு நீங்களே சொறி புடிக்க வச்சிட்டிய" என்றாள் மனைவி.

சில வருஷம் கழித்து அதை விற்க நினைத்தேன். அந்தக் கோலத்தில் யார் வாங்குவார்கள்? துருவைத் தேய்க்கக்கூடப் பொறுமையில்லாமல் மேலேயே பெயிண்டை அடித்தேன். கடையத்திலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வந்தார். மாட்டைப் பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், குத்தவைத்து உட்கார்ந்து, மடியிலிருந்து சாவியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

"என்னப் பாத்தா ஏமாத்துதவன் மாதிரியா இருக்கு வே?" என்று கத்தினேன்.

மளிகைக்கடைக்காரர் அன்று என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். ஆனால், அவருடைய பெயிண்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை.