நான் அரைத்த வால்வு

ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த முப்பதுகளின் தொடக்கத்தில், பினாங்கு ஜார்ஜ் டவுனில், ஒரு கடைவீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கல்யாணமாகி மூன்று வருஷம். வீட்டில் நானும் அவரும்தான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை. அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் கடைகளுக்குப் போய், என்ன சரக்கு வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். அதற்காக, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். காலையில் அதோடு ஃபெரி ஏறினால் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவார். அப்படித்தான் முதலில் இருந்தது. பிறகு தாமதம் ஆரம்பித்தது. கேட்டால் ஒரே பதில்தான்.

"வால்வு ஒட்டிக்கிச்சு."

வால்வு என்றால் என்ன, அது எதோடு எதற்காக ஒட்டுகிறது என்று கேட்டேன். "உனக்குச் சொன்னாப் புரியாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். புரியாது என்றதும் சரி என்று விட்டுவிடுகிற பிறவி நான் இல்லை.

எனக்கு உறுத்தியது இதுதான். வண்டி ஜார்ஜ் டவுனில் ஒரு நாளும் நின்றதில்லை. ஃபெரியில் ஏற்றும்போது நின்றதில்லை. பட்டர்வொர்த் ரோட்டில் நின்றதில்லை. சுங்கை பாக்காப்பில் மட்டும் நின்றது. பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "ஆம்பளைங்க மோட்டோவும் ஆம்பளைங்க மாதிரிதான் தங்கச்சி. எங்க நிக்கணுமோ அங்கதான் நிக்கும்" என்றார்.

அதற்கு மேல் வந்து சேர்ந்தது விளக்கெண்ணெய். அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் போய்விட்டது. பிள்ளைக்கு உச்சியில் வைக்க, வயிற்றுக்குக் கொடுக்க என்று என் அம்மா ஆயர் ஈத்தாமிலிருந்து காய்ச்சிக் கொண்டுவந்த விளக்கெண்ணெய் ஒரு பெரிய போத்தல் நிறைய, சமையலறைத் தட்டிலேயே நின்றது. அதை நானும் தொடவில்லை, எடுத்து வை என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒரு நாள் தட்டைத் துடைக்கும்போது பார்த்தால் போத்தலில் பாதிதான் இருக்கிறது. பிறகு ஒரு வாரம் கவனித்தேன். இன்னும் இறங்கியிருந்தது.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தானே விளக்கெண்ணெய் போகும்? சுங்கை பாக்காப்பில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது, என் பிள்ளைக்கு வைத்த எண்ணெய் அந்தப் பிள்ளையின் தலைக்குப் போகிறது என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் வேறு வழி பார்த்தேன். வால்வு என்பது உண்மையிலேயே ஒட்டுமா, இவர் சொல்வது நடக்கக்கூடியதா, அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றியது.

எங்கள் பின்வாசலுக்கு எதிரே, சந்தின் அந்தப் பக்கம், ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையின் பின்வாசல். முன்பக்கம் சீனர் ஒருவர் டயர் மாற்றுவார், பேரம் பேசுவார். பின்பக்க முற்றத்தில் ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்து வால்வு அரைப்பது அவர் மனைவி. என் வயதுதான் இருக்கும். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசுகிற பசார் மலாய். கற்றுக்கொடு என்று கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உன் புருஷன் பட்டறை வைக்கப் போகிறானா என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னே வேவு பார்க்க எந்தக் கடைக்காரன் அனுப்பினான் என்றாள். கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதும் அவள் முழுசாக நம்பவில்லை. ஆனால் சிரித்தாள். கற்றுத் தருகிறேன், பதிலுக்கு மத்தியானத்தில் வந்து எனக்கு வால்வு அரைத்துத் தர வேண்டும் என்றாள்.

வால்வு என்பது வேறொன்றுமில்லை, குடை போட்ட ஆணி மாதிரி ஒரு இரும்பு. எஞ்சினுக்குள் ஒரு துளையை மூடி மூடித் திறக்கும். அந்தக் குடையின் விளிம்பு துளையின் வாயில் சுற்றிலும் சரியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் காற்று ஓடிவிடும், வண்டிக்குத் தம் இருக்காது. பதிய வைக்க, விளிம்பில் கரகரப்பான பசையைத் தடவி, தலையில் உள்ள வெட்டில் திருப்புளியை வைத்துத் தேய்க்க வேண்டும்.

முதல் நாள், கழித்துக்கட்டிய பழைய எஞ்சின் ஒன்றைக் கொடுத்தாள். நான் உட்கார்ந்து மாவாட்டுவதுபோல் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தேன். பட்டென்று என் கையில் ஒரு அடி விழுந்தது.

"ஜாங்ஙான் பூசிங்" என்றாள். சுற்றாதே.

பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், நடுவே தூக்கித் தூக்கி வைக்க வேண்டுமாம். நான் சீக்கிரம் கற்றுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் தருகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். அவள் உள்ளே போன நேரம் பார்த்து மறுபடியும் ஆட்டுக்கல் சுற்றுச் சுற்றினேன். திரும்பி வந்தவள் வால்வைத் துடைத்து என் கண்ணெதிரே பிடித்தாள். விளிம்பு முழுக்க வட்டவட்டமாகக் கீறல். பாதிச் சுற்றில் அவள் அரைத்ததைப் பக்கத்தில் வைத்தாள். அது ஒரே சீரான சாம்பல் வளையமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அவளைச் சந்தேகப்படவில்லை. அவள்தான் என்னைச் சந்தேகப்பட்டாள், நான் கிளம்பும்போதெல்லாம் திருப்புளிகளை ஒரு முறை எண்ணிப் பார்ப்பாள்.

கை படிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமை வேலை என்பதால் அவருக்கு ஞாயிறுதான் எண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாது என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். அவர் கறிக்குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார். பின்முற்றத்தில் வண்டி நின்றது. வால்வுக்கு மேலிருந்த மூடியைத் திருகி எடுத்தேன். ஸ்பிரிங்கை நெம்பித் தூக்கி அடியில் இருந்த சின்ன ஆணியை உருவினேன். வால்வு சுலபமாக மேலே வரவில்லை. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தண்டு முழுக்க வெல்லப்பாகு காய்ந்தது மாதிரி பழுப்பாக ஒரு பிசின்.

மூக்கருகே கொண்டுபோனேன். என் வீட்டுச் சமையலறையின் வாசனை அடித்தது.

நம்ப முடியாமல் சந்தின் அந்தப் பக்கம் ஓடிப் பட்டறைக்காரியிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்து, "மின்யாக் ஜாராக்" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். பேதிக்குக் கொடுக்கிற விளக்கெண்ணெயை எஞ்சினுக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்டாள். பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் இதை ஊற்றுவது உண்டாம். ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார்களாம். அப்படிச் செய்யாமல் நாள்கணக்கில் ஓட்டினால் பிசினாகிவிடும், வண்டி ஓடுகிறவரை தெரியாது, நிறுத்தி எஞ்சின் ஆறிய இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்றாள். அவர் வண்டியை நிறுத்தி மணிக்கணக்கில் பேசுகிற இடம் சுங்கை பாக்காப்தான்.

பிள்ளையும் இல்லை, வீடும் இல்லை. எண்ணெய் எஞ்சினுக்குள் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, விளிம்பை அரைத்து, பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் பட்டறைக்காரி கொடுத்த எஞ்சின் எண்ணெயை ஊற்றி, அவர் எழுந்திருப்பதற்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். சொல்லவில்லை. இனி நேரத்தில் வருவார், அது போதும் என்றிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் தாமதமாகத்தான் வந்தார்.

"வால்வு ஒட்டிக்கிச்சு" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் முற்றத்துக்குப் போய் வண்டியை உதைத்துக் கிளப்புகிற மிதியைக் கையால் அழுத்தினேன். கெட்டியாக எதிர்த்துத் தள்ளியது; உள்ளே காற்று எங்கும் ஓடவில்லை. வால்வு நான் வைத்தபடியே இருந்தது. மறுநாளும் தாமதம், அதே பதில். அதற்கு மறுநாளும் அப்படியே. முன்பாவது வெறும் சந்தேகம். ஒருவேளை நிஜமாக இருக்கலாம் என்று பாதி மனசு சொல்லும். இப்போது அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குத் திட்டமாகத் தெரிந்தது. கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் என் தகரப் பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துவிட்டேன். ஆயர் ஈத்தாமுக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விடுவது என்ற முடிவு. அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பெட்டியைக் கதவருகில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்தவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வால்வு..." என்று ஆரம்பித்தார்.

"அந்த வால்வு ஒட்டாதுங்க. அதக் கழட்டி அரைச்சு மாட்டுனவ நான். போன ஞாயித்துக்கெழம, நீங்க தூங்குறப்ப."

பெட்டியைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு, "அப்ப அந்தப் பட்டறைக்கு நீ போறது இதுக்கா?" என்றார்.

"நான் பட்டறைக்குப் போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்துப் போர்ஷன் அக்காதான். உன் பெண்டாட்டி மத்தியானமானால் சீனர் பட்டறைக்குள் பின்வாசல் வழியாகப் போகிறாள், என்னவென்று கேள் தம்பி என்று சொல்லியிருக்கிறார். இவரும் கேட்கவில்லை. வண்டி நன்றாக ஓட ஆரம்பித்ததும் வேலையைச் சீக்கிரம் முடித்து மத்தியான ஃபெரியில் வந்து, வண்டியை வேறு தெருவில் நிறுத்திவிட்டு, சந்து முனைக் கோப்பிக் கடையில் இருட்டும்வரை உட்கார்ந்து நான் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்று பார்த்திருக்கிறார். இந்தத் தெருவே வேண்டாம் என்று சுங்கை பாக்காப் தோட்டமொன்றில் வேலைக்கும் வீட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒட்டாத வால்வைப் பற்றிக் கோபப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் என் எண்ணெய் படிந்த நகங்களைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என்னையா சந்தேகப்பட்டார்! மனசுக்குள் அவருக்கு வேறொரு குடும்பமே கட்டிவிட்ட நான்தான் அப்படிக் கோபப்பட்டேன். ஆனாலும் ஒன்று சொல்வேன். நானாவது ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். அவர் வெறும் கோப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் அப்போதும் நம்பவில்லை. "கழட்டு, பாக்கலாம்" என்றார். அன்று அந்தத் தோட்டத்து வீட்டைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாராம்; எஞ்சின் கொதித்தது, ஆறட்டும், கை வெந்துவிடும் என்றேன். நழுவுகிறேன் என்று நினைத்தார், முகத்திலேயே தெரிந்தது. முற்றத்தில் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக எஞ்சின் ஆறுகிறவரை உட்கார்ந்திருந்தோம். பெட்டி கதவருகிலேயே இருந்தது.

பிறகு நான் மூடியைத் திருகினேன். அவர் விளக்கை எடுத்துவந்து பிடித்தார். ஸ்பிரிங்கை நெம்பியபடி, அவர் முகத்தைப் பார்க்காமல், இத்தனை நாள் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த வெளக்கெண்ணெய எந்த வீட்டுப் புள்ளைக்குக் கொண்டு போறீங்கன்னு நெனச்சேன் தெரியுமா?"

விளக்கைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டிய வித்த தொரையோட டிரைவர்தான் சொன்னான், ரேஸ் வண்டிக்கு அதத்தான் ஊத்துவாங்கன்னு" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அதுக்காக மட்டும் இல்ல. தட்டுல அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. தூக்கிக் கொட்டவும் மனசு வரல. தெனம் பாக்கவும் முடியல."

என் கையில் வால்வு இருந்தது. சுத்தமாக, சாம்பல் வளையம் கலையாமல் இருந்தது. குழந்தை போன நாளிலிருந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு அது பெரிதில்லை என்று அதுநாள்வரை நினைத்திருந்தேன். அன்று இருவரும் அந்த எஞ்சினுக்கு எதிரே உட்கார்ந்து அழுதோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாட்டத் தெரியுமா, இல்லை கழற்ற மட்டும்தானா என்றார். மாட்டிக் காட்டினேன். முதல் உதையிலேயே கிளம்பியது.

தோட்டத்து வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து வைத்தபோது பக்கத்துப் போர்ஷன் அக்கா எட்டிப் பார்த்து எங்கே பயணம் என்று விசாரித்தார். பூச்சி வராமல் வெயிலில் காயப் போட எடுத்தேன் என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த வண்டி எங்களோடு இருந்தவரை அதன் வால்வை அரைத்தது நான்தான். கேட்கத் துணிச்சலில்லாத ஒரு கேள்விக்காக ஒரு எஞ்சினையே கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன்; இரண்டில் எது கஷ்டம் என்று இன்றைக்குக் கேட்டாலும், அந்தக் கேள்விதான் என்று சொல்வேன்.